கை தூக்கியவரும் காத்திருந்தவரும்

ஒரு மனிதர் கேமராவுக்கு முன்னால் நிற்கிறார். கையைக் கொஞ்சம் தூக்கி, தான் கலை படைப்பதாகச் சொல்கிறார். உடம்பைச் சற்றுச் சாய்த்து மறுபடி அதையே சொல்கிறார். காலை நகர்த்தினாலும் அதே பேச்சுதான். இப்படியே 18 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. இது கலைஞர் ஜான் பால்டெசாரி தன்னையே வைத்து 1971இல் எடுத்த வீடியோ.

இன்னொன்றில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் போட்டபடி முன்னும் பின்னும் ஆடுகிறாள். பச்சைக் குழந்தையாக இருந்ததிலிருந்து சாவு வரைக்கும், ஒரு பெண் எதற்கெல்லாம் காத்திருக்கிறாள் என்று ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொல்லிக்கொண்டே போகிறாள். சுமார் 15 நிமிடம். மாணவியாக இருந்த ஃபெய்த் வைல்டிங் 1972இல் நிகழ்த்திய ‘வெயிட்டிங்’ இது.

அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் செய்தவை போலத் தோன்றும். ஒரே உடம்பு, அலங்காரமில்லாத காட்சி, சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வரும் பேச்சு. இரண்டும் கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கல்லூரியைச் சுற்றிப் பிறந்தவைதான். வால்ட் டிஸ்னியின் ஆதரவில் உருவான இந்தக் கல்லூரி 1970இல் வகுப்புகளைத் தொடங்கி, 1971இல் வாலென்சியாவில் சொந்த வளாகத்துக்குக் குடிபோனது. ஆனால் இரண்டும் வெவ்வேறு வகுப்புகளைச் சேர்ந்தவை. மாணவரிடம் அந்த வகுப்புகள் கேட்டவையும் வேறு வேறு.

பால்டெசாரி தன் பழைய ஓவியங்களை 1970இல் தகனம் செய்துவிட்டு வந்தவர். கால்ஆர்ட்ஸில் தான் நடத்திய வகுப்புக்கு அவர் வைத்த பெயர் ‘போஸ்ட் ஸ்டூடியோ’. ஓவியமும் சிற்பமும் செய்யாதவர்களுக்கு இடம் தரும் வகுப்பு அது. கையில் பணி வேண்டும் என்பவர்களுக்காக 109 பயிற்சிகள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. விரும்பினால் செய்யலாம், கட்டாயமில்லை. பொருட்களை ஜன்னலுக்கு வெளியே வீசி, விழுவதற்குள் படமெடு. பால்டெசாரி மாதிரியே நடந்து பேசி வீடியோவில் பதிவு செய். சில நாள் லாஸ் ஏஞ்சலஸ் வரைபடத்தின்மேல் டார்ட் அம்பு எறிவார்கள். அது குத்திய இடத்துக்குக் கேமராவோடு போவார்கள்.

இதற்கெல்லாம் தோதாக வந்தது சோனியின் போர்ட்டாபேக். தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய வீடியோ கருவி. ஃபிலிம் போல லேபுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். எடுத்த உடனே வகுப்பிலேயே போட்டுப் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் அதன் மேலேயே வேறொன்றை எடுக்கலாம். வெட்டி ஒட்டுவதுதான் பெரும்பாடு. அந்தக் காலத்து வீடியோக்கள் ஒரே மூச்சில் எடுக்கப்பட்டு நீண்டுகொண்டே போவதற்குக் கலைக்கொள்கை பாதிக் காரணம் என்றால், டேப் பாதிக் காரணம்.

அதே 1971இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் கலைக் கல்லூரி பால்டெசாரியைக் கண்காட்சிக்கு அழைத்தது. பயணச்செலவுக்குப் பணமில்லை. அவர் ஊரிலிருந்தபடியே, இனிமேல் சலிப்பான கலை செய்யமாட்டேன் என்று காட்சிக்கூடச் சுவர் முழுக்க மாணவர்களை எழுதச் சொன்னார். நம் பள்ளிகளில் இம்போசிஷன் எழுதிக் கைவலித்தவர்களுக்கு இதிலுள்ள குறும்பு விளக்காமலே புரியும்.

வைல்டிங் படித்த ஜூடி சிகாகோவின் வகுப்பில் இந்த விளையாட்டுக்கு இடமில்லை. ஃப்ரெஸ்னோவில் 1970இல் 15 மாணவியரோடு அவர் தொடங்கிய பெண்ணியக் கலை வகுப்பு, மறு ஆண்டு மிரியம் ஷபிரோவும் சேர்ந்துகொள்ள, கால்ஆர்ட்ஸுக்கு வந்தது. இங்கே பட்டியலும் டார்ட் அம்பும் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகத் தன் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். சொன்னதிலிருந்து நடிப்பு பிறக்கும். பால்டெசாரியின் வகுப்பில் வாய்மூடி இருப்பது மாணவரின் உரிமை; இந்த வட்டத்தில் அப்படித் தப்ப முடியாது. சிகாகோவின் கண்டிப்பு சில மாணவியருக்கு உறுத்தியதும் உண்டு.

கல்லூரிக் கட்டடம் முடியாத நிலையில், ஹாலிவுட்டில் இடிக்கப்படவிருந்த 17 அறை வீடொன்றை எடுத்துக்கொண்டார்கள். வெந்நீரோ கணப்போ இல்லாத குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடி பதித்தார்கள், சுவர் பூசினார்கள். கலை மாணவிகளுக்குக் கொத்தனார் வேலையா என்று முணுமுணுப்பு எழத்தான் செய்திருக்கும். அதுதான் ‘வுமன்ஹவுஸ்’. 1972 ஜனவரி 30 முதல் பிப்ரவரி 28 வரை திறந்திருந்தது. ஒருத்தி மேடையில் துணி தேய்த்தாள், இன்னொருத்தி தரையைத் துடைத்தாள். நடிப்பு என்று தனியாக எதுவுமில்லை, வேலை மட்டும்தான். பாத்திரம் யார் கழுவுவது என்று கணவனும் மனைவியும் சண்டையிடும் நாடகத்தைச் சிகாகோ எழுத, மாணவியர் நடித்தார்கள். வாத்தியார் எழுதியதைப் பிள்ளைகள் நடிப்பது எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. தன் விடுதலையை இன்னொருவர் எழுதிய வசனத்தில் எப்படிப் பேசுவது? இதே வீட்டில் நிகழ்ந்த ‘வெயிட்டிங்’ பலமாக நிற்பதற்கு அது வைல்டிங் தானே எழுதியது என்பதும் ஒரு காரணம்.

1972ஆம் ஆண்டின் இரண்டு மாணவ முயற்சிகளைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பால்டெசாரியின் மாணவர் ஜாக் கோல்ட்ஸ்டைன் தன்னை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டார். குழாய் வழியே மூச்சு. மேலே ஒரு சிவப்பு விளக்கு அவர் இதயத் துடிப்புக்கு ஏற்ப மின்னியது. ஆள் கண்ணில் படவே இல்லை. வுமன்ஹவுஸில், எழுத்தாளர் கொலெத்தின் நாவலில் வரும், மூப்படையும் நாயகி லேயாவின் அறை. ஒருத்தி கண்ணாடி முன் உட்கார்ந்து ஒப்பனை பூசுவாள், திருப்தியில்லாமல் அழித்து மறுபடி பூசுவாள். பார்வையாளர் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஆண் மாணவர் மறைந்துபோவதையே ஒரு சாகசமாக ஆக்க முடிந்தது. ஏற்கெனவே ஊர்க்கண்ணெல்லாம் மேய்ந்துகொண்டிருந்த உடம்புக்கு அந்த வசதி இல்லை. அந்தப் பார்வையையே அவள் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பால்டெசாரி கொடுத்த சுதந்திரம் பெரிது. ஆனால் ‘எதை வேண்டுமானாலும் செய்’ என்ற சொல், தனக்குச் செய்ய உரிமை உண்டு என்று முன்பே நம்பியவர்களுக்குத்தான் நன்றாகக் காதில் விழும். அந்த நம்பிக்கையை உண்டாக்குவதிலிருந்தே சிகாகோ தொடங்கவேண்டியிருந்தது. அவருடைய வழி முரட்டுத்தனமானது, இருந்தும் வகுப்பாக எனக்கு மதிப்பு கூடியது அதுதான்.

வுமன்ஹவுஸ் வீடு இடிக்கப்பட்டது. அதைப் பற்றி யொஹானா டெமெட்ராகஸ் எடுத்து 1974இல் வெளியான ஆவணப்படம் இருப்பதால்தான் வைல்டிங் ஆடிய அந்த நாற்காலியை இன்று பார்க்க முடிகிறது. பல ஆண்டுகள் கழித்து வைல்டிங் அந்தப் படைப்புக்குத் திரும்பி, ‘வெயிட்-வித்’ என்ற பெயரில் வயதான உடம்போடு புதிதாக நிகழ்த்தினார். பால்டெசாரி 2020இல் காலமானார். டேப்பில் அவருக்கு இன்னும் 40 வயதுதான், கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.