சொந்த வீடு: சட்டமும் சேமிப்பும் சமைத்த வரலாறு

‘சொந்த வீடு’ என்னும் தொடரை இன்று நாம் எளிதாகச் சொல்கிறோம். 1960ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மக்களுள் பெரும்பாலோர்க்கு அஃது எட்டாக் கனவு. நகரின் நடுவே ஒரே கடைவீட்டில் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. ஏனையோர் பலர் கம்பங்களில் அத்தாப்புக் கூரையின்கீழ் வாழ்ந்தனர். குடியேற்ற ஆட்சி 1927இல் அமைத்த நகர மேம்பாட்டு அமைப்பு 32 ஆண்டுகளில் கட்டியவை ஏறத்தாழ 23,000 வீடுகளே. 1960 பிப்ரவரியில் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகமோ முதல் ஐந்தாண்டுகளிலேயே 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1961 மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தமை அப்பணியை மேலும் விரைவுபடுத்தியது.

வீட்டைக் கட்டுதல் வேறு. அதனை மக்களின் உடைமையாக்குதல் வேறு. 1964இல் வீட்டுடைமைத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது வாங்க முன்வந்தோர் சிலரே. மக்களிடம் குறைந்திருந்தது விருப்பமன்று, முன்பணம். இந்நிலையை மாற்றியவை இரண்டு.

முதலாவது, 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். பொதுத் தேவைக்குத் தனியார் நிலத்தைக் கட்டாயமாகப் பெறும் அதிகாரத்தை அது விரிவாக்கியது. பின்னர் வந்த திருத்தம், இழப்பீட்டை 1973 நவம்பர் 30ஆம் நாளின் மதிப்புக்கு மேற்போகாதவாறு கட்டியது. நிலவிலை ஏறினும் அவ்வேற்றம் உரிமையாளரைச் சேரவில்லை. இரண்டாவது, மத்திய சேம நிதி. முதுமைக்கென 1955இல் தொடங்கிய அந்நிதியை 1968 முதல் வீட்டின் முன்பணத்திற்கும் மாதத் தவணைக்கும் பயன்படுத்த முடிந்தது. தொழிலாளரும் முதலாளியும் தொடக்கத்தில் ஊதியத்தில் 5 விழுக்காடு வீதம் செலுத்தினர். 1984இல் அது 25 விழுக்காடு வீதமாக உயர்ந்தது. தொழில்மயமாக்கம் தந்த வேலையும் ஊதியமும் இவ்வழியே வீடாக உருமாறின.

விளைவை எண்களே கூறும். சொந்த வீட்டில் வாழ்ந்த குடும்பங்கள் 1970இல் ஏறத்தாழ 29 விழுக்காடு, 1980இல் 59, 1990இல் 88. நிலத்தைப் பெற்றதும், வீட்டைக் கட்டியதும், கடன் தந்ததும், விலையை வரையறுத்ததும் அரசே. ஆகவே, இங்கே வீட்டுச் சந்தை தானே வளர்ந்ததன்று, கொள்கையால் சமைக்கப்பட்டது.

அதற்கு விலை கொடுத்தோரையும் வரலாறு மறத்தல் ஆகாது. நிலவுடைமையாளர் குறைந்த இழப்பீட்டை ஏற்றனர். கம்பத்தார் தம் தோட்டத்தையும் அண்டை அயலாரையும் இழந்தனர். சந்தை மதிப்பில் இழப்பீடு வழங்கும் முறை 2007இல்தான் வந்தது.

இன்னொரு வினாவும் எஞ்சுகிறது. ‘வீடு வாங்கினேன்’ என்கிறோம்; ஒப்பந்தமோ 99 ஆண்டுக் குத்தகை என்கிறது. 1960களில் தொடங்கிய குத்தகைகள் 2060களில் முடிவுறும். அப்போது வீடு அரசுக்கே மீளும். பாட்டனார் சேம நிதியைக் கொடுத்துப் பெற்ற வீடு பேரர்க்குச் செல்வமா, காலவரையுள்ள இருப்பிடமா? இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்களே இதற்கு விடை காண வேண்டியவர்கள். அதற்கு, இவ்வுடைமை எவ்வாறு உருவாயிற்று என்பதை அவர்கள் முதலில் அறிதல் வேண்டும்.