வாசல் லைட் எரிஞ்சா 'வாங்க'ன்னு அர்த்தம்! அமெரிக்காவில் ஹாலோவீன் இரவு: குட்டிப் பேய்களை வரவேற்பது எப்படி?

அமெரிக்காவில் இது உங்களுக்கு முதல் அக்டோபரா? படிக்கவோ வேலைக்கோ வந்து, இப்போதுதான் வீடு பிடித்து, எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் இருக்கிறீர்களா? அப்படியென்றால் 31-ம் தேதி சாயங்காலம் ஒரு இன்ப அதிர்ச்சிக்குத் தயாராகுங்க. காலிங் பெல் அடிக்கும். கதவைத் திறந்தால் மூன்றடி உயரத்தில் ஒரு ஸ்பைடர்மேன், ஒரு சூனியக்காரி, அம்மா இடுப்பில் பூசணிக்காய் வேஷத்தில் ஒரு கைக்குழந்தை. மூவர் கையிலும் பை. 'ட்ரிக் ஆர் ட்ரீட்!'

அந்த நேரத்தில் வீட்டில் ஒரு மிட்டாய்கூட இல்லாமல் திருதிருவென முழிக்கக் கூடாது இல்லையா? அதற்குத்தான் இந்தக் கைடு.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பகுதிகளில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும்போது வேஷம் போட்டு வீடு வீடாகப் போகும் பழக்கம் இருந்தது. 19-ம் நூற்றாண்டில் அங்கிருந்து குடியேறியவர்கள் அதை வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு செய்தவர்களுக்கு இங்கே பூசணி கிடைத்தது. அதுதான் இன்று எல்லா வாசலிலும் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது.

'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்ற சொல் 1920-களிலேயே கனடாப் பத்திரிகைகளில் வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்ததால் கொண்டாட்டம் சுணங்கியது. 1947-ல் ரேஷன் முடிந்த பிறகு நாடு முழுக்கப் பரவியது.

நவராத்திரி கொலுவுக்கு வீடு வீடாகப் போய்ச் சுண்டல் வாங்கிய அனுபவம் இருக்கா? கிட்டத்தட்ட அதேதான். ஒரே வித்தியாசம், இங்கே அழைப்பும் வேண்டாம், அறிமுகமும் வேண்டாம். அதுவரை முகமே பார்க்காத வீட்டின் கதவைத் தட்டலாம்.

முதல் விதி: லைட்!

முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவை எந்த தைரியத்தில் தட்டுவது? அதற்கு ஊரே ஒப்புக்கொண்ட ஒரு அடையாளம் இருக்கிறது. வாசல் லைட் எரிந்தால் 'வாங்க, மிட்டாய் இருக்கு'. அணைந்திருந்தால் 'இந்த வருஷம் இல்லை'. அவ்வளவுதான். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், கோபப்படவும் மாட்டார்கள்.

இந்த அடையாளத்தைச் சின்ன விஷயமாக நினைக்காதீங்க. 1992 அக்டோபர் 17 அன்று லூசியானா மாநிலம் பேட்டன் ரூஜ் நகரில் யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவர் ஹாலோவீன் பார்ட்டி ஒன்றுக்குக் கிளம்பினார். விலாசம் மாறி வேறொரு வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீட்டுக்காரர் பயந்துபோய்த் துப்பாக்கியால் சுட, மாணவர் இறந்துபோனார். பிறகு நடந்த குற்றவியல் வழக்கில் சுட்டவர் விடுதலையானார். ஜப்பானையே உலுக்கிய சம்பவம் இது. வெளியூரிலிருந்து வந்தவர், வேஷம், தெரியாத கதவு, உள்ளே இருப்பவரின் பயம். இவை ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

அதனால் நீங்க குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனாலும் சரி, லைட் எரியாத வீட்டுப் பக்கம் போகாதீங்க. நீங்க லைட் போட்டிருந்தால், வருகிற ஒவ்வொரு குழந்தைக்கும் 'பயப்படாம வா' என்று வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். கீழே சொல்லப்போகிற எல்லாமே அந்த வாக்கைக் காப்பாற்றும் வழிகள்தான். ஏரியாவைப் பொறுத்து வழி மாறும்.

1. தனி வீடுகள் இருக்கும் புறநகர்த் தெருவா?

சினிமாவில் பார்க்கிற ஹாலோவீன் இதுதான். பொழுது சாயும்போதே வாண்டுகள் பெற்றோருடன் வந்துவிடுவார்கள். இருட்டிய பிறகு பெரிய பிள்ளைகள். 2007 முதல் கோடைகால நேர மாற்றம் நவம்பர் முதல் ஞாயிறு வரை நீட்டிக்கப்பட்டதால் 31-ம் தேதி மாலையில் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கிடைக்கிறது.

* பல ஊர்களில் நகராட்சியே நேரம் அறிவிக்கும். சில ஊர்களில் 31-க்குப் பதிலாக வேறு நாளே வைப்பார்கள். உங்க ஊர் வெப்சைட்டை ஒருமுறை பார்த்துவிடுங்க.
* எத்தனை பேர் வருவாங்க? இதற்குக் கூகுளில் பதில் கிடைக்காது. பக்கத்து வீட்டில்தான் கேட்கணும். அறிமுகமாவதற்கும் இதைவிட நல்ல சாக்கு கிடையாது.
* நடைபாதையில் கிடக்கும் தோட்டக் குழாய், சைக்கிள், காய்ந்த இலைக் குவியலை அப்புறப்படுத்துங்க. முகமூடி போட்ட குழந்தைக்குக் கீழே தரை தெரியாது.
* பூசணிக்குள் மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வையுங்க. தரையில் புரளும் சூனியக்காரி அங்கியில் தீப்பிடிக்க ஒரு நொடி போதும்.

2. கூட்டம் அலைமோதும் தெருவா?

ஒவ்வொரு ஊரிலும் 'அந்தத் தெரு' என்று ஒன்று இருக்கும். நடைபாதை நன்றாக இருக்கும், வீடுகள் நெருக்கமாக இருக்கும், அலங்காரம் தூள் பறக்கும். மற்ற ஏரியாக்களிலிருந்து பெற்றோர் காரில் குழந்தைகளைக் கூட்டிவந்து இறக்குவார்கள். நூற்றுக்கணக்கில் வருவார்கள்.

இங்கே உள்ளே உட்கார்ந்து பெல் அடிக்கும்போதெல்லாம் எழுந்து ஓடினால் கால் கழன்றுவிடும். வாசலில் ஒரு நாற்காலி, ஒரு கிண்ணம் போட்டு உட்கார்ந்துவிடுங்க. 'ஒரு ஆளுக்கு ஒண்ணு' என்று நீங்களே கையில் எடுத்துக் கொடுங்க. மிட்டாய் தீர்ந்ததும் லைட்டை அணைத்துவிடலாம், தப்பே இல்லை.

'இவங்கெல்லாம் நம்ம ஏரியா பசங்களே இல்லையே' என்ற முணுமுணுப்பு இந்தத் தெருக்களில் வருஷா வருஷம் கேட்கும். அதில் நீங்க சேராதீங்க. நெடுஞ்சாலை ஓரத்திலோ, நடைபாதையே இல்லாத இடத்திலோ, பாதி வீடுகளில் ஆள் இல்லாத தெருவிலோ வாழும் குழந்தைக்கு இந்த ஒரு இரவு வேண்டுமென்றால், அதன் அப்பா அம்மா இங்கேதான் கூட்டிவந்தாக வேண்டும். 'எந்தத் தெரு நீ?' என்ற கேள்வியை ஆறு வயசுக் குழந்தையிடம் கேட்க வேண்டியதில்லை. உங்களுக்குச் செலவு ஒரு மிட்டாய்தான்.

3. அப்பார்ட்மென்டா?

நம்ம ஆட்களில் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இருப்பது இங்கேதான். உள்வாசலில் தனி லைட் கிடையாது. வெளிக்கதவு பூட்டியிருக்கும். அப்போ குழந்தைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று எப்படித் தெரியும்?

* பல கட்டடங்களில் லாபியில் ஒரு தாள் ஒட்டுவார்கள். மிட்டாய் தர விருப்பமுள்ளவர்கள் வீட்டு எண்ணை எழுதலாம். அப்படி இல்லையென்றால் அலுவலகத்தில் கேட்டு நீங்களே தொடங்கிவைங்க.
* கதவில் ஒரு பேப்பர் பூசணி ஒட்டினால் போதும். அதுதான் உங்க வாசல் லைட்.
* ரூம்மேட்டுகளோடு இருந்தால் எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிடுங்க. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குபவர் பாவம்!

4. நகரத்து நெருக்கமான வீடுகளா?

நியூயார்க்கின் புரூக்ளின், ஃபிலடெல்ஃபியா மாதிரி இடங்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். வாசலுக்கு ஏற நாலைந்து படிகள். அங்கே பலரும் படியில் உட்கார்ந்தே மிட்டாய் கொடுப்பார்கள். நம்ம ஊர்த் திண்ணை மாதிரி! நீங்க கீழ்ப்படியில் உட்காருங்க. சக்கர நாற்காலியில் வரும் குழந்தையும், ஸ்ட்ரோலரில் வரும் குழந்தையும் மற்றவர்களைப் போலவே வாங்கிக்கொண்டு போகலாம். கடைத்தெருக்களில் கடைக்காரர்களும் கிண்ணத்தோடு நிற்பார்கள்.

5. கிராமப்புறமா?

இங்கே வீட்டுக்கு வீடு அரை மைல் இருக்கலாம். இரவெல்லாம் காத்திருந்தாலும் ஒருவரும் வராமல் போகலாம். மனசு விட்டுடாதீங்க. சர்ச், பள்ளி வாகன நிறுத்துமிடங்களில் 'ட்ரங்க் ஆர் ட்ரீட்' நடக்கும். கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து அலங்கரித்து, அதிலிருந்தே மிட்டாய் தருவார்கள். வீடு தள்ளி இருந்தால் என்ன, உங்க காரோடு போய் நிற்கலாம்.

என்ன கொடுப்பது?

தீபாவளி இந்தச் சமயத்தை ஒட்டியேதான் வரும். 2024-ல் இரண்டும் ஒரே நாளில், அக்டோபர் 31 அன்றே வந்தன. 'வீட்டில் செய்த லட்டு இருக்கே, கொடுத்தா என்ன?' என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். கடையில் வாங்கிய, பாக்கெட் பிரிக்காத மிட்டாய் மட்டும்தான். மற்றதைப் பெற்றோர் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

காரணம், 'மிட்டாயில் விஷம்' என்ற பழைய பயம். டெலாவேர் பல்கலைக்கழக சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த விஷ மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974-ல் டெக்சாஸில் ஒரு சிறுவன் விஷ மிட்டாயால் இறந்தது உண்மை. ஆனால் அதைக் கொடுத்தது, இன்ஷூரன்ஸ் பணத்துக்காக, அவனைப் பெற்ற அப்பா!

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: வேர்க்கடலை. ஸ்நிக்கர்ஸ், ரீஸஸ் இரண்டிலும் வேர்க்கடலை உண்டு. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதில் கொஞ்சம்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். டென்னசியில் ஒரு உள்ளூர்க் குழு தொடங்கிய யோசனையை 2014-ல் 'ஃபேர்' என்ற அமைப்பு 'டீல் பம்ப்கின் புராஜெக்ட்' என்று நாடு முழுக்கக் கொண்டுபோனது. வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி இருந்தால், 'இங்கே சாப்பிட முடியாதவர்களுக்கும் பரிசு உண்டு' என்று அர்த்தம். ஸ்டிக்கர், பென்சில், இருட்டில் ஒளிரும் வளையல், குட்டிப் பந்து ஆகியவற்றைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும். ஊர் முழுக்க நடந்தும், வாங்கியதில் எதையுமே சாப்பிட முடியாத ஒரு குழந்தைக்கு அந்தப் பென்சில்தான் ஹாலோவீன்.

யார் வந்தாலும்...

* மீசை முளைத்த பையன் வந்தால்? கொடுங்க. வெர்ஜீனியாவின் செசபீக் நகரில் 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் போனால் சிறை என்றுகூடச் சட்டம் இருந்தது. 2019-ல்தான் வயது வரம்பை 14 ஆக்கி, சிறைத் தண்டனையை நீக்கினார்கள். பதினைந்து வயசில் ஒருத்தன் மிட்டாய் கேட்டு வந்தால், அவன் இன்னும் குழந்தையாக இருக்க ஆசைப்படுகிறான். அது நல்ல விஷயம்தானே!
* பேசாமல் நின்றால்? 'ட்ரிக் ஆர் ட்ரீட் சொன்னாத்தான் தருவேன்' என்று அடம்பிடிக்காதீங்க. கூச்சமாக இருக்கலாம், ஆட்டிசம் இருக்கலாம், ஆங்கிலமே தெரியாமல் இருக்கலாம்.
* வேஷமே இல்லையா? வாங்கக் காசு இல்லாமலோ, துணி உறுத்துவதாலோ இருக்கலாம். கேட்காமல் கொடுங்க.
* ஜோக் சொல்ல ஆரம்பித்தால்? நீங்க அயோவா மாநிலம் டெ மாய்ன் நகரிலோ, செயின்ட் லூயிஸிலோ இருக்கீங்கன்னு அர்த்தம்! அங்கே ஜோக் சொன்னால்தான் மிட்டாய். மொக்கை ஜோக்காக இருந்தாலும் சிரிச்சுடுங்க.

கார் ஓட்டுறீங்களா? இதைப் படிங்க

அன்றைய இரவின் பெரிய ஆபத்து ரோட்டில்தான் இருக்கிறது. 1975 முதல் 2016 வரையான விபத்துகளை ஆராய்ந்து 'ஜாமா பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. முந்தைய, அடுத்த வாரத்து மாலைகளோடு ஒப்பிட்டால், ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் இறக்கும் அபாயம் 43 சதவிகிதம் அதிகம். 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு அது பத்து மடங்கு.

அதனால் ஆபீஸ் முடிந்து வரும்போது குடியிருப்புத் தெருக்களில் வேகத்தை நன்றாகக் குறைத்துவிடுங்க. நிறுத்திய கார்களுக்கு நடுவிலிருந்து கறுப்பு அங்கி போட்ட ஒரு குட்டிப் பேய் எப்போது வேண்டுமானாலும் குதிக்கும். குழந்தைகளோடு நடந்தால் கையில் டார்ச், உடையில் ஒளிரும் டேப் அவசியம்.

முடியலையா? பரவாயில்லை!

உடம்பு சரியில்லை, பரீட்சை, மீட்டிங், மூட் இல்லை... எதுவாக இருந்தாலும் லைட்டை அணைத்துவிட்டு நிம்மதியாக இருங்க. வீட்டில் இல்லை, ஆனால் கொடுக்க ஆசை என்றால் லைட்டைப் போட்டு, கிண்ணத்தை வாசலில் வைத்து 'ஆளுக்கு இரண்டு' என்று எழுதிவைங்க. முதலில் வந்தவனே மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகலாம். போகட்டும்! நாய் வளர்ப்பவர்கள் மட்டும் அதைத் தனி அறையில் விடுங்க. சாக்லேட் நாய்க்கு விஷம். தவிர, அடிக்கடி அடிக்கும் பெல்லில் மிரண்டு வெளியே ஓடிவிடும்.

ஒரு பாக்கெட் மிட்டாய், ஒரு பல்பு, மாலையில் இரண்டு மணி நேரம். இதற்குத் தேவை இவ்வளவுதான். மறுநாள் காலையில் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது, எதிர்வீட்டு அப்பா கையசைத்து, 'நேத்து ஸ்பைடர்மேன் என் பையன்தான்!' என்பார். அப்போது மறக்காமல் அவர் பெயரைக் கேட்டுவிடுங்க.