வில்லோபுரூக் விடுதியும் செங்கண்மாரியும்

நியூயோர்க் நகரைச் சேர்ந்த ஸ்ரேற்றன் தீவில், 1947ஆம் ஆண்டு, வில்லோபுரூக் அரசினர் பாடசாலை திறக்கப்பட்டது. பெயரளவிற் பாடசாலையாயினும், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் ஆண்டுக்கணக்காகத் தங்கிய விடுதியே அது. ஏறக்குறைய 4,000 பேருக்கென அமைந்த அவ்விடத்தில், 1960களில், 6,000 பேருக்கு மேல் நெருக்குண்டு வாழ்ந்தனர். நெருக்கமும் தூய்மையின்மையும் கூடிய அங்கே, ஈரலைத் தாக்கும் செங்கண்மாரி நிலைகொண்டது. புதிதாகச் சேர்ந்தோரிற் பெரும்பாலோரை அது பற்றியது.

1956இல் டொக்டர் சோல் குறுக்மன் அங்கு ஆராய்ச்சி தொடங்கினார். நோயுற்றோரின் மலத்திலிருந்து பெற்ற கிருமியைப் பிள்ளைகள் சிலருக்கு வேண்டுமென்றே ஊட்டினார். எவ்வாறாயினும் தொற்றவிருக்கும் நோயே அது என்பதும், பெற்றோர் உடன்பட்டனர் என்பதும் அவர் கூறிய நியாயங்கள். ஆயின், விடுதியில் இடமில்லையென மறுக்கப்பட்ட காலத்தும் ஆராய்ச்சிப் பிரிவில் இடமிருந்தது. வேறு புகலற்ற பெற்றோரின் உடன்பாடு எங்ஙனம் சுதந்திரமானதாகும்? 1966இல் ஹென்றி பீச்சர் என்னும் மருத்துவ அறிஞர் இதனைக் கண்டித்தெழுதினார்.

பயன் விளையாமலில்லை. இந்நோய் இரு வகைப்பட்டதென 1967இல் அங்கு தெளிவாயிற்று. இரண்டாம் வகைக் கிருமியுள்ள குருதிநீரைக் கொதிக்கவைத்து ஏற்றினால் ஓரளவு காப்புண்டாகுமென 1971இல் அறியப்பட்டது. தடுப்பூசிக்கு அதுவும் வழிகாட்டிற்று.

விடுதி 1987இல் மூடப்பட்டது. அப்பிள்ளைகளுக்கு அன்று வேண்டியிருந்தவையோ, தூய நீரும், போதிய இடமும், பராமரிக்கும் கைகளுமே. அவற்றை அளிப்பதற்கு எந்த ஆராய்ச்சியும் தேவைப்பட்டதில்லை.