விலக்குதலைக் குறிக்கும் இரு சொற்கள்

ஆங்கிலம் பயில்வோர்க்கு இலக்கணத்தினும் மிகுந்த இடர் தருவன அம்மொழியின் வழக்குச் சொற்களே. பள்ளியில் நாம் அவற்றை வாய்பாடுபோல் உருப்போட்டோம். இடப்புறம் சொல், வலப்புறம் பொருள். அச்சொல் எந்த ஊரில், எந்தச் சண்டையிற் பிறந்தது என்று ஆசிரியரும் கூறிலர்; நாமும் கேட்டிலம். அங்ஙனம் மனனம் செய்தவற்றுள் இரண்டு 'பாய்காட்', 'பரையா' என்பன. முன்னது விலக்கிவைத்தல், பின்னது விலக்கிவைக்கப்பட்டவன்.

பாய்காட் என்பது ஒரு மனிதரின் பெயர். அயர்லாந்து நாட்டு மேயோ வட்டாரத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராயிருந்தவர் சார்லஸ் பாய்காட். தோட்டத்துக் கிராணிமாராகிய நம்மைப் போல் அவரும் பிறர் நிலத்துக்குக் கணக்குப் பார்த்தவரே! சிறு பிழைக்கும் அபராதம் விதிப்பவர் எனப் பெயரெடுத்தவர். விளைச்சல் பொய்த்தமையால் 1880-இல் குடியானவர்கள் குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்குமாறு வேண்டினர். பிரபு 10-க்கு மேல் இசையவில்லை. கொடாதவரை வெளியேற்ற நோட்டீசு பிறந்தது. அந்தச் செப்டம்பரில் தலைவர் பார்னெல், என்னிஸ் நகர்க் கூட்டத்தில், அநீதி செய்வோனை அடிக்க வேண்டா, அவனோடு எவரும் பேசாது ஒதுக்குக என்னும் கருத்தை உரைத்தார்.

மேயோ மக்கள் அதனைச் செய்துகாட்டினர். வேலையாட்கள் வயலை விட்டகன்றனர். கடைக்காரர் பண்டம் கொடுக்க மறுத்தனர். அறுவடைக்கு வெளியூரிலிருந்து 50 பேர் வந்தனர். அவர்களைக் காக்க வந்த படைவீரரும் போலீசாரும் ஏறத்தாழ 1,000 பேர்! சுமார் 500 பவுன் பெறுமான விளைவைக் காக்க 10,000 பவுன் செலவாயிற்றென மதிப்பிட்டனர். ஆண்டு முடியுமுன் பாய்காட் ஊரை விட்டே நீங்கினார்.

இச்செய்கைக்கு என்ன பெயரிடுவது? ஓமாலி என்னும் பாதிரியார் அதனை ஆராய்ந்த செய்தியை அமெரிக்கப் பத்திரிகையாளர் ரெட்பாத் எழுதிவைத்துள்ளார். கிரேக்க வேருடைய நெடுஞ்சொல் ஒன்று ஆங்கிலத்தில் முன்னரே இருந்தது. அது குடியானவர்க்கு விளங்காதெனக் கருதிய பாதிரியார், அம்மனிதரின் பெயரையே வினைச்சொல்லாக்கினார். நம் சிற்றூர்களின் ஊர்விலக்கு எளியவனை வலியவர் ஒதுக்குவது. மேயோவில் நிகழ்ந்ததோ அதற்கு நேர்மாறு.

இனி மற்றதைக் காண்போம். 'பரையா' நம் தமிழ்ச் சொல்லே. பறை என்னும் முழவின் பெயரடியாகப் பிறந்த குலப்பெயர் அது என்பர். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில நூல்களுட் புகுந்தது. 1791-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தென் தெ சேன் பியேர், அக்குலத்தான் ஒருவனை நல்லோனாகக் காட்டி ஒரு கதை எழுதினார். ஆயினும் ஐரோப்பியர் நாவில் எஞ்சியது அவனுடைய நன்மையன்று, அவன் ஒதுக்கப்பட்டமையே. தெருநாய்க்கும் அப்பெயரை அடைமொழியாக்கினர். காரியஸ்தர் தம் செய்கையாற் பெயர் கெட்டார். இம்மக்கள் செய்த குற்றம் யாது? அவர்களை ஒதுக்கியவர் பெயரன்றோ இழிசொல்லாகியிருத்தல் வேண்டும்?

அப்பெயரை இழிவென ஏலாதவரும் உளர். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் சென்னையில் தாம் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் சூட்டினார். அயோத்திதாசர் அப்பெயரே வேண்டாவென மறுத்தார். பின்னர், 1922-இல், எம். சி. ராஜாவின் முயற்சியாற் சென்னை அரசாங்கம் தன் ஏடுகளில் 'ஆதி திராவிடர்' எனப் பெயர் மாற்றிற்று. ஆங்கில அகராதியோ மாறவில்லை.

சென்ற மாதம் எம் தோட்டத்து மானேஜர் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். குலை ஏற்ற வாராமல் ஏமாற்றிய லாரிக்காரர் ஒருவரை எல்லாத் தோட்டத்தாரும் 'பரையா'வாக நடத்துதல் வேண்டும் என்பது வாசகம். நாம் அவ்விடத்திற் 'பாய்காட்' செய்தல் வேண்டும் என்று தட்டெழுதி முன்வைத்தோம். வாசித்துப் பார்த்து, ஒன்றும் வினவாது கையொப்பமிட்டார்.