நீலம் வந்தால் நிம்மதி

சில மாதங்களுக்கு முன் ஊரில் பழைய வீட்டைக் காலி செய்தோம். பரணிலிருந்து இறங்கிய தகரப் பெட்டி ஒன்றில் ரேஷன் கார்டு, பத்திர நகல்களோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டங்கள்: தேதி, காலை, மாலை. கட்டத்துக்குள் ஒரே ஒரு எழுத்து. நீ, நீ, ப, நீ, ம, நீ, நீ. ஏதோ ரகசியக் குறியீடு மாதிரி இருந்தது. கடைசிப் பக்கங்களில் ஏறக்குறைய எல்லாமே ‘நீ’.

அம்மாவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு உடனே மூடிவிட்டார். “தாத்தாவோட சுகர் நோட்டு. நான்தான் எழுதுவேன்” என்றார். நீ என்றால் நீலம், ப என்றால் பச்சை, ம என்றால் மஞ்சள்.

1960-களில் தாத்தாவுக்கு சர்க்கரை நோய். கொல்லைப்புறத் திண்ணையில் ஸ்பிரிட் விளக்கு, மரக் கிடுக்கி, இரண்டு டெஸ்ட் ட்யூப், ஒரு பாட்டில் நீலக் கரைசல். காலையும் மாலையும் சிறுநீரைச் சோதிப்பது பன்னிரண்டு வயது அம்மாவின் வேலை. நீலம் மாறாமல் இருந்தால் “நீலம்பா!” என்று கத்துவாராம். தாத்தா சிரித்துக்கொண்டே காபிக்கு உட்காருவாராம். 1971-இல் தாத்தாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்கு முன்பே பார்வை மங்கத் தொடங்கியிருந்தது.

அம்மா அடுத்துச் சொன்னதுதான் என்னை இந்தக் குறிப்பை எழுத வைத்தது. “நீலம்னுதான் வந்துச்சு. நான் சரியா பார்க்கலையோ என்னவோ. சொட்டு கம்மியா விட்டுட்டேனோ.” ஐம்பது வருஷத்துக்கு மேலாக இந்தச் சந்தேகத்தை அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

நான் மருத்துவன் இல்லை. பழைய விஷயங்களைத் தேடிப் படிக்கிறவன், அவ்வளவுதான். நீலம் வந்தும் கால் ஏன் போச்சு என்ற கேள்வியோடு படிக்க ஆரம்பித்தேன். அது என்னை ஒரு பெரிய மருத்துவச் சண்டையில் கொண்டுபோய் விட்டது.

முதலில் அந்த நீலக் கரைசல். பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்களுக்குப் பெனடிக்ட் சோதனை ஞாபகம் இருக்கும். ஸ்டான்லி பெனடிக்ட் என்ற அமெரிக்க வேதியியலாளர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. 5 மி.லி. கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் அப்படியே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு. நிறைய இருந்தால் செங்கல் சிவப்பு. கரைசலில் உள்ள தாமிரத்தைச் சர்க்கரை மாற்றுவதால் வரும் நிறங்கள் இவை.

சிறுநீரில் சர்க்கரை தேடுவது அதற்கும் ரொம்பப் பழைய வழக்கம். மதுமேகம் என்ற பெயரிலேயே தேன் இருக்கிறதே. 1776-இல் லிவர்பூல் மருத்துவர் மாத்யூ டாப்சன் ஒரு நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்ற வைத்தார். அடியில் தங்கியது பார்க்கவும் ருசிக்கவும் சர்க்கரை மாதிரியே இருந்தது. அதே நோயாளியின் ரத்த நீரும் இனிக்கிறது என்பதையும் அவர் குறித்து வைத்தார். அதாவது விஷயம் ரத்தத்தில் இருக்கிறது, சிறுநீரில் வருவது அதன் வழிசல் என்று அப்போதே தெரியும். ஆனால் அடுத்த இருநூறு வருஷம் வீட்டில் இருக்கும் நோயாளி பார்க்க முடிந்தது அந்த வழிசலை மட்டும்தான். ரத்தத்தில் சர்க்கரை அளக்க வேண்டுமென்றால் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அதுவும் எப்போதாவது ஒரு நாள்.

இங்கேதான் சிக்கல். நம் சிறுநீரகம் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை வடிகட்டிவிட்டு மறுபடியும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ரத்தச் சர்க்கரை சுமார் 180 மி.கி.யைத் தாண்டும்போதுதான் அதால் முழுக்க இழுக்க முடியாமல் மிச்சம் வெளியே வரும். அணை நிரம்பினால்தான் மதகில் தண்ணீர் வழியும் என்பது மாதிரி. அந்த 180-உம் எல்லோருக்கும் ஒன்றல்ல. வயதானவர்களுக்கும், பல வருஷம் சர்க்கரையோடு இருப்பவர்களுக்கும் அணையின் உயரம் கூடிவிடலாம். ரத்தத்தில் 200, 220 என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே டெஸ்ட் ட்யூப் அழகாக நீலம் காட்டும். போதாததற்கு, காலையில் எடுக்கும் சிறுநீர் ராத்திரி முழுக்கச் சேர்ந்தது. இந்த நிமிஷம் என்ன நிலவரம் என்று அது சொல்லாது. சர்க்கரை ஆபத்தாக இறங்கினாலும் அதே நீலம்தான்.

சரி, இது மருத்துவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர்களுக்குள்ளேயே அதைவிடப் பெரிய ஒரு விஷயத்தில் ஒத்த கருத்து இல்லை.

1922 ஜனவரியில் டொரொன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற பையனுக்கு இன்சுலின் போட்டார்கள். அதுவரை சில மாதங்களில் செத்துப்போன பிள்ளைகள் பிழைக்க ஆரம்பித்தார்கள். கதை அதோடு சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் பிழைத்தவர்களுக்குப் பத்து, இருபது வருஷம் கழித்து கண் போனது, சிறுநீரகம் போனது, கால் மரத்துப் புண் வந்தது. ஏன்?

பாஸ்டனில் இருந்த எலியட் ஜாஸ்லின் சொன்னார்: சர்க்கரை உயர்ந்தே இருப்பதுதான் காரணம். சாப்பாடு, உடற்பயிற்சி, இன்சுலின் மூன்றையும் ஒரு தேரின் மூன்று குதிரைகள் மாதிரி இழுத்துப் பிடிக்க வேண்டும். சிறுநீரில் சர்க்கரை தெரியவே கூடாது. நோயாளிகள் தாங்களே வீட்டில் சோதிக்கப் பழக வேண்டும் என்பதிலும் அவர் கறார்.

நியூயார்க்கில் எட்வர்ட் டால்ஸ்டாய் இதற்கு நேர் எதிர். நோயாளி நன்றாகச் சாப்பிடுகிறார், எடை குறையவில்லை, தாகம் இல்லை, வேலைக்குப் போகிறார் என்றால் சிறுநீரில் கொஞ்சம் சர்க்கரை போனால் போகட்டுமே என்றார். கண்ணும் காலும் போவது நோயின் கூடவே வரும் இன்னொரு கோளாறு, சர்க்கரையை இறுக்கிப் பிடிப்பதால் அது நிற்கும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்பது அந்தத் தரப்பின் கேள்வி.

இதைப் படித்தபோது டால்ஸ்டாய் மீது எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்தால், அவர் கேட்டது நியாயமான கேள்வி. உண்மையில் ஆதாரம் இல்லை. ஜாஸ்லினிடம் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவேடு இருந்தது. ஆனால் யாருடைய சர்க்கரை வருஷக்கணக்கில் உண்மையாகவே கட்டுக்குள் இருந்தது என்று எப்படிச் சொல்வது? கையில் இருந்தது பச்சையும் நீலமும்தானே. அளக்க முடியாததைப் பற்றி இரண்டு தரப்பும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

தாத்தா வாழ்ந்தது இந்தச் சண்டை தீராத காலத்தில். நம்மூரில் சர்க்கரை நோய்க்கென்று தனியாகப் பார்க்கும் வழக்கமே அப்போதுதான் வேர்விட்டிருந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் தனிப் பிரிவைத் தொடங்கியது 1948-இல். சிறிய ஊர்களில் கொல்லைப்புற டெஸ்ட் ட்யூப்தான் எல்லாம்.

சண்டை தீர இரண்டு விஷயம் தேவைப்பட்டது.

ஒன்று, வீட்டிலேயே ரத்தத்தை அளக்கும் கருவி. 1960-களின் நடுவில் ஏம்ஸ் நிறுவனம் டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்ற பட்டையைக் கொண்டுவந்தது. ஒரு பெரிய சொட்டு ரத்தம் விட்டு, ஒரு நிமிஷம் கழித்துக் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். 1970-ஐ ஒட்டி அதைப் படிக்கும் மீட்டரும் வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, சில நூறு டாலர் விலை. நோயாளிகள் கையில் கொடுக்க அல்ல, மருத்துவர்களுக்காகச் செய்தது.

ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளர் 12 வயதிலிருந்து சர்க்கரை நோயாளி. 1969-இல் இந்த மீட்டரின் விளம்பரத்தைப் பார்த்து வாங்கக் கேட்டார். நீங்கள் டாக்டர் இல்லையே என்று மறுத்துவிட்டார்கள். அவர் மனைவி மருத்துவர் என்பதால் அவர் பெயரில் வாங்கினார். தினமும் பலமுறை குத்தி அளந்தார். அவரே எழுதியிருக்கிறார்: ஒரே நாளில் 40-க்குக் கீழிருந்து 400-க்கு மேல் வரை ஏறி இறங்கியதாம். பிறகு சாப்பாட்டையும் இன்சுலின் அளவையும் மாற்றி மாற்றி, ஓர் இயந்திரத்தைச் சரிசெய்வது மாதிரி தன் உடம்பைச் சரிசெய்தார். கட்டுரை எழுதி அனுப்பினால் மருத்துவ இதழ்கள் போடவில்லை. நாற்பத்தைந்து வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டர் ஆனார். அவருடைய கடுமையான உணவுமுறையை எல்லோரும் ஏற்பதில்லை. ஆனால் எண் நோயாளியின் கையில் இருக்க வேண்டும் என்ற விஷயத்தில் காலம் அவர் பக்கம்தான் நின்றது. 1978-இல் லண்டனிலும் நாட்டிங்ஹாமிலும் மருத்துவக் குழுக்கள் இது சாத்தியம், நோயாளிகளே அளந்து சமாளிக்கிறார்கள் என்று எழுதின.

இரண்டாவது, நீண்ட காலக் கணக்கு. 1968-இல் டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் சர்க்கரை நோயாளிகளின் ஹீமோகுளோபினில் ஒரு மாற்றத்தைக் கண்டார். ரத்தத்தில் சுற்றும் சர்க்கரை ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எனவே எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். 1976-இல் நியூயார்க்கில் இதைக் கட்டுப்பாட்டின் அளவுகோலாகக் காட்டினார்கள். இன்று லேப் ரிப்போர்ட்டில் வருகிற ஏ1சி அதுதான்.

இந்த இரண்டும் கையில் வந்ததும் பந்தயத்தை நடத்த முடிந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேர், எல்லோரும் முதல் வகை சர்க்கரை நோயாளிகள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை, ஏ1சி சுமார் 9. மீதிப் பேருக்குத் தீவிரக் கட்டுப்பாடு, சுமார் 7. 1993-இல் முடிவு வெளியானது. தீவிரக் குழுவில், கண் பாதிப்பு புதிதாகத் தொடங்கும் அபாயம் 76 சதவீதம் குறைந்திருந்தது. தாத்தாவுக்கு இருந்த இரண்டாம் வகைக்கு, பிரிட்டனில் 1977-இல் தொடங்கிய ஆய்வு 1998-இல் பதில் தந்தது: ஏ1சி 7.9-க்குப் பதில் 7.0 என்று இருந்தாலே, சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் நாலில் ஒரு பங்கு குறைந்தன. ஜாஸ்லின் சொன்னது சரி. ஆனால் அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. 1962-இலேயே போய்விட்டார்.

கதையை இங்கே முடித்தால் ‘எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது’ என்று தோன்றும். அது தப்பு. 1993 ஆய்விலேயே தீவிரக் குழுவினருக்குச் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது மூன்று மடங்காக இருந்தது. 2008-இல் அமெரிக்காவில் இன்னோர் ஆய்வு. இரண்டாம் வகை நோயோடு இதய ஆபத்தும் உள்ள பத்தாயிரத்துச் சொச்சம் பேர். ஒரு குழுவுக்கு இலக்கு ஏ1சி 6-க்குக் கீழே. அந்தக் குழுவில் இறப்பு கூடியதால் தீவிரச் சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதனால்தான் இப்போது வயது, இதயம், சிறுநீரகம் எல்லாம் பார்த்து ஆளுக்கு ஆள் இலக்கு வைக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணை நம் எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

இத்தனையும் படித்த பிறகு அம்மாவிடம் உட்கார்ந்து சொன்னேன். அணை, மதகு, 180 எல்லாம். “நீ பார்த்தது சரிதாம்மா. நீலம்தான் வந்திருக்கும். அந்தக் குழாய்க்கு அதுக்கு மேல கண்ணு தெரியாது.” அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “அப்போ டாக்டருக்கே தெரியாதா?” என்று கேட்டார். தெரிந்த அளவுக்குத் தெரியும் என்றேன்.

அம்மாவுக்கும் இப்போது சர்க்கரை உண்டு. மீட்டர் வாங்கிக் கொடுத்து மூன்று வருஷமாகிறது. ஆனால் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் அன்றைக்கு மட்டும் அளக்க மாட்டார். அதிகமாகக் காட்டினால் பரீட்சையில் பெயில் ஆன மாதிரி ஒரு முகம். ஏன் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. நீலம் வந்தால் அப்பா சிரிப்பார் என்று பழகிய கண் அது.

அன்றைக்கு மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அம்மாவே மீட்டரை எடுத்தார். 236. “சாம்பார் சாதம் ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன்ல” என்றார். அந்த நோட்டில் கடைசியாக நாலு பக்கம் காலியாக இருந்தது. தேதி போட்டு, 236 என்று எழுதி, பக்கத்தில் ‘சாதம் ரெண்டு தடவை’ என்றும் எழுதினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.