மண்டபத்தில் யார் எங்கே அமர்வது? - பியானோப் பாடகர்களின் மறக்கப்பட்ட கதை

மேற்குலகின் பெருநகரங்களில் இயங்கும் சிம்பனி வாத்தியக் குழுக்கள், ஆண்டுதோறும் சில மாலைப்பொழுதுகளை ஜனரஞ்சக இசைக்கென ஒதுக்குவது வழக்கம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் இவ்வழக்கம் 1885 ஆம் ஆண்டிலேயே ஆரம்பமாகிவிட்டது. பியானோ வாசித்தபடியே பாடிப் புகழ்பெற்றவர்களைக் கொண்டாடும் நிகழ்ச்சிகள் இத்தகைய மாலைகளில் பெருவரவேற்பைப் பெறுகின்றன. நட் கிங் கோல், றே சார்ள்ஸ், எல்டன் ஜோன், பில்லி ஜோயெல் ஆகியோரின் பாடல்களை இன்னொரு கலைஞர் பியானோவில் அமர்ந்து பாட, வயலின்களும் ஊதுகருவிகளும் பின்னணியில் முழங்கும்.

இந்த இணைப்புக்கு முன்னோடியாக அமைந்த நிகழ்வுகளுள் ஒன்று அவுஸ்திரேலியாவில் இடம்பெற்றது. பதினொரு வயதிலேயே லண்டன் றோயல் இசை அக்கடமியின் இளையோர் பிரிவில் புலமைப்பரிசில் பெற்றுச் சாஸ்திரிய இசை பயின்றவர் எல்டன் ஜோன். அவர் 1986 ஆம் ஆண்டின் இறுதியில் மெல்பேர்ண் சிம்பனி வாத்தியக் குழுவுடன் அந்நாட்டைச் சுற்றிவந்து பாடினார். அப்போது அவரது தொண்டை மிகவும் பாதிக்கப்பட்டிருந்தது. எனினும் டிசம்பர் 14 ஆம் திகதி சிட்னியில் நடந்த இறுதிக் கச்சேரியையும் அவர் பாடி முடித்தார். அடுத்த மாதமே குரல்வளையில் சத்திரசிகிச்சை நடந்தது. அதன்பின் அவரது குரலின் பழைய உச்சம் திரும்பவில்லை. சிட்னி ஒலிப்பதிவு 1987 இல் இசைத்தட்டாக வெளிவந்தபோது, இரசிகர்கள் அதில் கேட்டது அந்தப் பழைய குரலின் கடைசி நாட்களையே.

எல்டன் ஜோன் கடந்தது இசை வகைகளுக்கு இடையிலான எல்லையை. அவருக்கு முந்திய தலைமுறையினரை மறித்து நின்றது மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான எல்லை.

நட் கிங் கோல் 1919 இல் அலபாமா மாநிலத்தின் மொன்ற்கோமரியில் பிறந்தவர். முதலில் அவரை உலகம் அறிந்தது ஜாஸ் பியானோக் கலைஞராகவே. பாடகராகப் புகழின் உச்சியில் இருந்தபோது, 1956 ஏப்ரல் 10 ஆம் திகதி, தமது பிறந்த மாநிலத்தின் பேர்மிங்ஹாம் நகரில் பாடினார். வெள்ளையருக்கு ஒரு காட்சி, கறுப்பினத்தவருக்கு வேறொரு காட்சி என்பது அங்கிருந்த ஏற்பாடு. வெள்ளையருக்கான காட்சியின் நடுவே, இனவெறியர் சிலர் மேடைமீது பாய்ந்து அவரைக் கீழே தள்ளினர். முதுகில் அடிபட்ட நிலையிலும், பின்னர் கறுப்பினத்தவருக்கான காட்சியில் அவர் பாடினார். அதன்பின் தென்மாநிலங்களில் அவர் பாடவேயில்லை.

இதில் வேதனையான இன்னொரு பக்கமும் உண்டு. பிரிக்கப்பட்ட சபையின் முன் பாட இணங்கியதற்காக, அவரது இனத்துப் பத்திரிகைகளே அவரைக் கண்டித்தன. ஒரு பக்கம் அடி, மறுபக்கம் பழி. அதே ஆண்டு நவம்பரில் ஆரம்பமான அவரது தேசிய தொலைக்காட்சி நிகழ்ச்சியும், பெரிய விளம்பரதாரர் எவரும் முன்வராமையால் 1957 டிசம்பரில் நின்றுபோயிற்று.

ஐந்தாண்டுகளின் பின், 1961 மார்ச்சில், இதே கேள்வி றே சார்ள்ஸ் முன் எழுந்தது. சிறுவயதிலேயே பார்வையை இழந்து, பிரெயில் முறையில் இசை கற்றவர் அவர். தமது பிறந்த மாநிலமான ஜோர்ஜியாவின் ஒகஸ்டா நகரில் அவர் பாடவிருந்த மண்டபத்தில், கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் வெவ்வேறு இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அங்குள்ள கறுப்பின மாணவர்கள் இதனை அறிவித்ததும், அவர் பாட மறுத்துவிட்டார். ஒப்பந்தத்தை மீறியதற்காக நீதிமன்றம் அவருக்குத் தண்டப்பணம் விதித்தது. அதை அவர் செலுத்தினார்.

2004 இல் வெளியான 'றே' திரைப்படம், இச்சம்பவத்தின்பின் ஜோர்ஜியாவில் பாட அவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டதாகவும், 1979 இல் அது நீக்கப்பட்டதாகவும் சித்திரித்தது. அப்படியொரு தடை விதிக்கப்படவேயில்லை. 1963 இலேயே அம்மாநிலத்தில், பிரிவினையற்ற சபையின் முன் அவர் பாடியிருக்கிறார். உண்மையில் நடந்தது இதுதான்: 1960 இல் வயலின் குழுவின் துணையுடன் அவர் பதிவுசெய்து முதலிடம் பெற்ற 'ஜோர்ஜியா ஒன் மை மைண்ட்' என்ற பாடலை, 1979 மார்ச்சில் அம்மாநிலச் சட்டசபையின் முன் அவரே பாடினார். ஏப்ரலில் அது மாநிலத்தின் அதிகாரபூர்வப் பாடலாயிற்று.

தடை என்ற கற்பனை இல்லாமலே இவ்வரலாறு போதிய கனமுடையது. மேலும், அந்தக் கற்பனை ஓர் உண்மையையும் மறைத்துவிடுகிறது. பாடகரைத் தண்டித்த அரசு பின்னர் மன்னித்தது என்று திரைப்படம் சொல்கிறது. நடந்ததோ, மாணவர்கள் கேட்டுக்கொண்டதற்கு ஒரு கலைஞர் செவிசாய்த்த கதை. முதற்காரணம் அந்த மாணவர்களே.

இன்று வாத்தியக் குழு இப்பாடல்களை இசைக்கும் மண்டபத்தில், நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் தமக்குரிய ஆசனத்தில் அமரலாம். நட் கிங் கோலும் றே சார்ள்ஸும் பாடிய காலத்தில், தென்மாநிலங்களில் அவர்களது இனத்து இரசிகர்களுக்கு அந்த ஆசனம் கிடைக்கவில்லை.