இருமுறை ஞாயிறு கண்ட வான்வழி

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதனோடு அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிருந்த வான்வழித் தொடர்பும் அறுந்தது. அதனை மீட்கும் பொருட்டு, 1943இல் குவான்டாஸ் நிறுவனம் பேர்த் நகரையும் தென்னிலங்கையின் கொக்கல வாவியையும் கட்டலினா நீர்விமானங்களால் இணைத்தது.

இடைத்தூரம் ஏறத்தாழ 6,500 கிலோமீற்றர். பயணமோ 27 மணி முதல் 32 மணி வரை நீண்டது. எரிபொருளின் பாரம் மிகுந்தமையால் பயணிகள் மூவரையும் சிறிதளவு தபாலையுமே ஏற்ற முடிந்தது. பகைவர் அறியாதிருக்க வானொலி மௌனம் காத்தது; விமானிகள் விண்மீன்களை நோக்கியே வழி கண்டனர். ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் கண்டமைக்காகப் பயணிகளுக்குச் சான்றிதழும் வழங்கப்பட்டது.

1945 வரை 271 தடவைகள் கடல் கடந்தும் ஓருயிரேனும் இழக்கப்படவில்லை. 2018இல் பேர்த்திலிருந்து இலண்டனுக்கே ஏறத்தாழ 17 மணி நேரத்தில் இடைநில்லாது செல்லும் சேவை தொடங்கிற்று. அவ்விரைவுக்கு முன்னோடியாய்க் கொக்கல நீர்ப்பரப்பில் வந்திறங்கியோரின் துணிவை நாம் மறத்தல் ஆகாது.